கதிர்காமக் காட்டுவழியில் நாங்கள் ஐந்து பெண்கள்

ஒவ்வொரு வருடமும் ஆனி மாதம் நெருங்கும்போது களுவாஞ்சிகுடி, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் வீதிகளில் இவர்களைக் காணலாம். தலையிலோ தோளிலோ ஒரு பொதி, கையில் ஒரு தடி, காவி அல்லது மஞ்சள் உடுப்பு. முன்னால் ஒருவர் வேல் பிடித்துக்கொண்டு போவார். யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் இருந்து புறப்பட்டவர்கள் எங்கள் பக்கம் வந்து சேரும்போது ஒரு மாதம் அளவில் நடந்திருப்பார்கள். வீதியோரத்தில் அவர்களுக்குத் தண்ணீரும் சோறும் கொடுத்து, வணங்கி அனுப்பிவிட்டு நாம் எமது அலுவலைப் பார்க்கத் திரும்பிவிடுவோம். நானும் பல வருடங்கள் தண்ணீர் கொடுத்தவள்தான். பொதி சுமந்தது 2023 ஆம் ஆண்டில்தான்.

நாங்கள் படுவான்கரைக் கிராமமொன்றைச் சேர்ந்த ஐந்து பெண்கள். மூத்தவர் ஆச்சி. வயது 67. அவருக்கு இது 11 ஆவது நடை. அடுத்தவர் வன்னி அக்கா. கிளிநொச்சிப் பக்கத்தில் வாழ்ந்து, 2012 இல் மகளோடு தாயின் ஊரான எமது கிராமத்துக்கு வந்தவர். கணவர் 2009 மே மாதம் காணாமல் போனார். மரணச் சான்றிதழ் எடுக்கும்படி பலர் சொல்லியும் அக்கா இன்றுவரை எடுக்கவில்லை. மற்ற இருவரும் மச்சாள்மார். பெரியவள் சந்தையில் மரக்கறி விற்கிறாள், சின்னவள் தையல் வேலை செய்கிறாள். ஐந்தாவது நான்.

அக்கா ஏன் வர விரும்பினார் என்று புறப்படுவதற்கு முன்பே கேட்டேன். "ஆணைக்குழுவுக்குப் போட்டன், அலுவலகங்களுக்குப் போட்டன், எத்தினை படிவம் நிரப்பிக் குடுத்தாச்சு. நடந்துபோய்க் கேக்காத இடம் இதொண்டுதான்" என்றார்.

பாதை எப்படி

பொத்துவில் தாண்டி பாணமை. அதற்கும் அப்பால் கடலோரத்தில், பாறைகளுக்கு நடுவே உகந்தை முருகன் கோவில் இருக்கிறது. முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் என்பது ஐதீகம். வள்ளியம்மன் மலையில் சுனைகள் உண்டு. உகந்தைக்கு வாகனத்தில் வரலாம். அதற்கு அப்பால் கால்தான். குமண, யால காடுகளின் ஊடாகக் கதிர்காமம் வரைக்கும் 80 கிலோமீற்றர் அளவில் இருக்கும் என்பது நடப்பவர்களின் கணக்கு.

இந்த வழி வருடம் முழுவதும் திறந்திருப்பதில்லை. கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி ஏறத்தாழ இரண்டு வாரம் மாத்திரமே திறப்பார்கள். திகதி வருடத்துக்கு வருடம் மாறும். முன்கூட்டியே பத்திரிகைகளில் அறிவிப்பார்கள். உகந்தையில் பதிவு செய்து, பொதியைச் சோதித்த பிறகே உள்ளே விடுவார்கள். தேசிய அடையாள அட்டை கட்டாயம் கையில் இருக்க வேண்டும்.

முன்னர் பஸ் வசதி இல்லாத காலத்தில் வடக்கு, கிழக்கு மக்களுக்கு நடைதான் வழி. 1983 கலவரத்துக்குப் பின் தடைப்பட்ட நீண்ட நடை 1988 இல் மீண்டும் தொடங்கியது. குமணக் காடு அப்போது யால கிழக்கு என்று அழைக்கப்பட்டது. யுத்தம் காரணமாக 1985 தொடக்கம் 2003 வரை பார்வையாளர்களுக்கு மூடப்பட்டிருந்தது. 2006 இல் தான் குமண தேசிய பூங்கா என்று பெயர் மாறியது. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையையும் அடித்தது. ஆச்சி இந்த வருடங்களை எல்லாம் தன்னுடைய நடைகளைக்கொண்டே ஞாபகம் வைத்திருக்கிறார். "பயந்து போகாம விட்ட வருசம்", "தம்பிய இழந்த வருசம்", "சுனாமிக்கு அடுத்த வருசம்" என்றுதான் சொல்வார்.

பொதியில் என்ன வைப்பது

ஆச்சி முதல் நாளே வந்து எங்கள் பொதிகளைப் பிரித்துப் போட்டார். எட்டுக் கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது அவரது சட்டம். சின்ன மச்சாள் கொண்டுவந்த முகக்கண்ணாடியும் மூன்றாவது சேலையும் வீட்டுக்குத் திரும்பிப் போயின.

நாங்கள் கொண்டுபோனவை: அரிசி, பருப்பு, வறுத்த குரக்கன் மா, பயறு, சீனி, தேயிலை, வறுத்து இடித்த மல்லியும் இஞ்சியும், புளி, உப்பு. ஐந்து பேருக்குமாக ஒரு சட்டி. ஆளுக்கு ஒரு பெட்சீற், ஒரு துவாய், இரண்டு மாற்றுடுப்பு, ரோச் லைற், நுளம்புச் சுருள். உரப்பையின் வாயைக் கட்டி, இரண்டு பக்கமும் பழைய சேலைத்துணியில் அகலமான வார் தைத்து முதுகில் போட்டுக்கொண்டோம். கயிறு கட்டினால் ஒரு நாளில் தோள் தோல் உரிந்துவிடும். கடையில் விற்கும் முதுகுப்பை வாங்கக் காசு இல்லையே என்று யாரும் நின்றுவிடத் தேவையில்லை.

இதைச் சொல்லியே ஆகவேண்டும்: இது லோன் எடுத்துப் போகும் பயணம் அல்ல. எமது பக்கத்தில் ஒரு சகோதரி நேர்த்திக்கென்று நுண்கடன் எடுத்து, திரும்பி வந்ததும் கிழமைக் கட்டுப்பணத்துக்குத் தோட்டை அடகு வைத்ததை நான் அறிவேன். வழியில் அன்னதானம் கொடுப்பார்கள். இப்போதெல்லாம் காட்டுக்குள்ளும் பல இடங்களில் தண்ணீர்த் தாங்கி வைக்கிறார்கள். எங்களுக்குப் பெரிய செலவு திரும்பி வந்த பஸ் காசுதான்.

தண்ணீரில் மட்டும் சிக்கனம் கூடாது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ பாரம். அதனால் பலர் அதைத்தான் முதலில் குறைக்கிறார்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் நிரப்பிக்கொண்டே ஒவ்வொரு காலையும் புறப்பட்டோம். ஆற்றுத் தண்ணீரைத் துணியில் வடித்து, கொதிக்கவைத்து ஆறவிட்டே குடித்தோம். மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீரும் அப்படியே.

நடந்த நாட்கள்

அதிகாலை நாலரைக்கு எழும்புவோம். வெளிச்சம் வரும்போது நடை தொடங்கும். பத்து, பத்தரைக்குள் நிழல் பார்த்து இருந்துவிடுவோம். மீண்டும் மூன்று மணிக்குப் பிறகுதான். யூன் மாதக் கச்சான் காற்றில் நடுப்பகலில் நடப்பது புத்தியல்ல.

முதல் இரவு வாகூரவெட்டை. ஜீப் தடம் உள்ள இடங்களில் கணுக்கால் புதையும் மணல். ஒற்றையடிப் பாதையில் சூரைமுள். ஒரு வருடம் கால் படாத வழி, இரண்டு பக்கத்துப் பற்றையும் நடுவில் வந்து கைகோர்த்து நிற்கும். முள் சேலையைப் பிடித்தால் இழுக்கக்கூடாது, ஒரு அடி பின்னுக்குப் போய் எடுக்கவேண்டும். மூன்று சேலை கிழிந்த பிறகு இதைப் படித்தோம். பெரிய மச்சாள் அடுத்த நாளே சேலையை மடித்து வைத்துவிட்டு சட்டையும் பாவாடையும் போட்டுக்கொண்டாள்.

அது பாலைப்பழக் காலம். நிலமெல்லாம் மஞ்சள் பழம் கொட்டிக் கிடந்தது. கரடிக்கு அது என்றால் உயிர். அதனால் பாலை மரத்தடியில் விடியற்காலையில் தனியே போய் நிற்கவேண்டாம் என்றார் ஆச்சி. பழம் பொறுக்குவதென்றால் நல்ல வெளிச்சத்தில், கதைத்துக்கொண்டு பொறுக்கவேண்டும். யானையைக் காட்டுக்குள் யானை என்று சொல்லக்கூடாதாம். பிள்ளையார் என்றுதான் எங்கள் கூட்டத்தில் சொன்னோம்.

இரண்டாம் நாள் பின்னேரம் குமுக்கன் ஆறு. கரை முழுவதும் மருதமரம். சிங்களத்தில் மருதமரத்துக்குக் 'கும்புக்' என்று பெயர். முழங்காலளவு தண்ணீரில் இரண்டு நாள் புழுதியைக் கழுவியபோது பெரிய மச்சாள் சின்னப்பிள்ளை போலச் சிரித்தாள். முதலை இருக்கும் ஆறு என்பதால் எல்லோரும் குளிக்கும் இடத்தில்தான் இறங்கவேண்டும். தண்ணீர் ஆழமான மடுப்பக்கம் போகக்கூடாது.

அன்று இரவுதான் அந்தச் சம்பவம் நடந்தது. நடுச்சாமம் இருக்கும். ஆற்றின் மேல்பக்கத்தில் பிள்ளையார் நிற்கிறார் என்று யாரோ சத்தமிட்டார்கள். அடுத்த நிமிடம் வனசீவராசிகள் உத்தியோகத்தர்கள் யானைவெடி போட்டார்கள். நாங்கள் திடுக்கிட்டு எழுந்து இருந்தோம். அக்காவின் பாய் வெறுமையாகக் கிடந்தது. சின்ன மச்சாளையும் காணவில்லை. ரோச் அடித்துப் பார்த்தால், மணல் தோண்டிய பள்ளத்துக்குள் அக்கா குப்புறப் படுத்திருந்தார். அவருக்குக் கீழே சின்ன மச்சாள். வெடி கேட்டதும் பக்கத்தில் கிடந்தவளை இழுத்துப் போட்டு, மேலே படுத்து மூடிக்கொண்டிருக்கிறார். தான் என்ன செய்கிறேன் என்று அக்காவுக்கே தெரியவில்லை.

பக்கத்துக் கூட்டத்தில் இரண்டு இளைஞர்கள் சிரித்தார்கள். ஆச்சி அவர்களை ஏசிய ஏச்சை இங்கே எழுதமுடியாது. பிறகு மெதுவாகப் பள்ளத்துக்குப் பக்கத்தில் போய் இருந்து, அக்காவைத் தொடாமல், "புள்ள, இது குமுக்கன் ஆறு. நாம சாமியிட்டப் போறம். அது யானைவெடி. மறுகா ஒண்டுமில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா எழுந்து வந்து மல்லித்தண்ணீர் குடிக்கும்வரை கை நடுங்கியது. "மகள் எண்டு நினைச்சிட்டன்" என்று மட்டும் சொன்னார். 2009 இல் அவர் மகளுக்கு வயது நான்கு.

ஆச்சி எந்தப் பயிற்சிக்கும் போனவர் அல்ல. ஆனால் இவ்வாறான வேளையில் செய்யவேண்டியதைத்தான் செய்தார். வெடிச்சத்தத்துக்கு உடல் இப்படித் துள்ளுவது பைத்தியமல்ல. பின்னால் இருந்து பிடித்து உலுக்கவேண்டாம். முன்னால் வந்து, பெயர் சொல்லி, இது எந்த இடம், இது எந்த வருடம் என்று அமைதியாகச் சொல்லுங்கள். உங்களுக்கு இப்படி ஏற்படுவதுண்டு என்றால் கூடப் படுப்பவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். அடிக்கடி வந்து நித்திரையைக் கெடுக்குமானால் ஆதார வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் நடந்ததுதான் நாங்கள் எதிர்பார்க்காதது. நாவலடிப் பாதையில் பற்றை மூடி, நிலமே தெரியவில்லை. முன்னால் போன தம்பி இரண்டு தரம் தடம் தவறவிட்டார். அக்கா பின்னால் இருந்து, "தம்பி, அது மான் போன வழி. ஆள் போனது இது. புல்லு முறிஞ்சு கிடக்கிறதைப் பாருங்கோ" என்றார். மீளக் குடியேறிய காணிகளில் மிதிவெடிக்குப் பயந்து நிலம் பார்த்து நடந்த கண் அது. ஆச்சி உடனே, "நீ முன்னுக்குப் போ புள்ள" என்றார். அன்றிலிருந்து கதிர்காமம் வரை முப்பது பேர் கொண்ட எங்கள் கூட்டத்தில் வேலுக்கு அடுத்தபடி நடந்தவர் அக்காதான். "முள்ளு", "குழி", "உண்ணி நிறைய இருக்கு" என்று முன்னால் இருந்து அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் அவர் அடிபார்த்துக் கால் வைத்தோம். இதே அக்கா, புறப்படுவதற்கு முதல் மாதம் எமது கிராமத்தில் நடந்த கல்யாணத்தில், தாலி கட்டும் நேரம் தானாகவே எழுந்து அடுக்களைப் பக்கம் போய் நின்றவர்.

தண்ணீரை மிச்சம் பிடித்த மச்சாள்

நாவலடியில் இருந்து வியாழை வரைக்குமான நாள்தான் எங்களுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. நிழல் குறைவு. பெரிய மச்சாள் தண்ணீர் முடிந்துவிடும் என்று பயந்து, காலையிலிருந்து வாயை மட்டும் நனைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பத்து மணியளவில் தலை இடிக்கிறது என்றாள். பிறகு சத்தி எடுத்தாள். பிறகு கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள்.

உடனே வீரை மர நிழலில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, துவாயை நனைத்துக் கழுத்து, கமக்கட்டு, தொடை இடுக்கில் வைத்து விசிறினோம். தெளிவாகக் கதைக்கத் தொடங்கிய பிறகே ஜீவனி கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். மயங்கிக் கிடப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. புரையேறிவிடும். அரை மணித்தியாலத்தில் தெளிந்துவிட்டாள். தெளியாவிட்டால் தூக்கிக்கொண்டு வைத்திய உதவி உள்ள இடத்துக்கு ஓடவேண்டியதுதான், காட்டுக்குள் அது எளிதல்ல. எனவே தண்ணீரைப் போத்தலில் மிச்சம் பிடிக்காதீர்கள், குடியுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் நீங்கள் குடித்தது காணாது.

நீரிழிவு உள்ளவர்கள் கால் புண்ணை நினைத்து, வைத்தியரைக் கேட்டே புறப்படவேண்டும். கர்ப்பிணிகளுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் இந்த வழி வேண்டாம். உகந்தை வரை பஸ்ஸில் போய்க் கும்பிட்டு வரலாம். அக்காவின் கெண்டைக்காலில் செல் துண்டு இன்னும் இருக்கிறது. இரவில் சித்தாலேப பூசி, காலைப் பொதிக்கு மேலே தூக்கி வைத்துப் படுப்பார். கொப்புளம் வந்தால் தோலை உரிக்கவேண்டாம். ஊசியை நெருப்பில் பிடித்து ஓரத்தில் குத்தி நீரை எடுத்து, சுத்தமான துணி கட்டினால் போதும். புதுச் சப்பாத்தோடு வந்தவர்கள்தான் அதிகம் அழுதார்கள்.

பெண்களுக்கு மாத்திரம்

பலர் என்னிடம் கேட்பதும், கேட்க வெட்கப்படுவதும் இதுதான். விரதத்தை நினைத்து மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை போடுகிறார்கள். கடையில் வாங்கி நீங்களாகப் போடாதீர்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ கேளுங்கள். இரத்த அழுத்தம் போன்றவை உள்ள சிலருக்கு அது ஒத்துவராது. எங்கள் சின்ன மச்சாளுக்கு மூன்றாம் நாள் வந்துவிட்டது. அழுதாள், திரும்பிப் போகிறேன் என்றாள். கூட்டத்தில் ஓரிருவர் முணுமுணுத்தார்கள். ஆச்சி, "காட்டில விட்டுட்டா போற? வள்ளியும் பொம்புள புள்ளதானே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவள் வேல் பக்கமும் சமையல் பக்கமும் போகவில்லை, எங்களோடு நடந்தாள். பாவித்த துணிகளையும் பாட்களையும் பையில் கட்டிப் பொதியிலேயே கொண்டுவந்தோம். காட்டில் எறிவதில்லை.

ஒதுங்கப் போவதென்றால் இருவர் மூவராக, தடியால் நிலத்தைத் தட்டிக்கொண்டு, ஆற்றுக்கரையை விட்டுத் தள்ளி. இரவில் நாங்கள் ஐவரும் நடுவில் படுத்தோம், ஆச்சி ஓரத்தில். நடையில் எல்லோரும் ஒருவரையொருவர் சாமி என்றுதான் அழைப்பார்கள். எல்லோரும் சாமிகள் அல்லர் என்பதையும் நினைவில் வைத்திருப்பது நல்லது. உங்கள் ஊர்க் கூட்டத்தோடு போங்கள்.

வழிநெடுகப் பொலித்தீனும் பிளாஸ்ரிக் போத்தலும் கிடந்ததைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. பொதியைச் சோதித்தும் இவ்வளவு உள்ளே வருகிறது. அன்னதானச் சோற்றைப் பாதியில் கொட்டிவிட்டுப் போனவர்களையும் கண்டோம். சோற்றுக்கு வரிசையில் நின்ற எங்கள் தலைமுறை இதைச் செய்யலாமா என்று ஆச்சி கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் தாண்டி ஆறாம் நாள் காலை மாணிக்க கங்கையில் இறங்கினோம். எங்களுக்குப் பக்கத்தில் சிங்களத் தாய் ஒருவர் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் கால் வீக்கத்தைக் கண்டு, மொழி தெரியாமலே தன் எண்ணெய்ப் போத்தலை நீட்டினார். அக்கா வாங்கிப் பூசினார். கோவிலில் திரைக்கு முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். வெளியில் வந்ததும் பெரிய மச்சாள், "கேட்டீங்களா அக்கா?" என்றாள். "கேட்டன்" என்றார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக பஸ்ஸில் வீடு வந்தோம். என் கால் தோல் உரிந்து புதுத்தோல் வர இரண்டு கிழமை எடுத்தது. பெரிய மச்சாள் இப்போது சந்தைக்கும் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் போவதில்லை. அடுத்த திறப்புத் திகதி வந்துவிட்டதா என்று பத்திரிகை வரும் நாளில் எல்லாம் அக்கா கேட்டு அனுப்புகிறார். மகளும் வரப்போகிறாளாம். இரண்டு உரப்பைகளைத் தோய்த்து வேலியில் காயப் போட்டிருக்கிறார். வார் தைப்பது என் வேலை.